உன் பிடரியில் வைத்த கால்

மச்சான்,

இன்று காலை வாசலில் நல்லெண்ணெய் மணந்தது. எழுவைதீவிலிருந்து ஒருவன் கழுத்தை ஒரு பக்கம் சரித்தபடி, எண்ணெய்ப் போத்தலோடு வந்து நின்றான்.

"அண்ணை, நீங்கள் காலாலை பிறந்தனீங்களாமே. ஒருக்கா இந்தச் சுளுக்கை உழக்கிவிடுங்கோ."

தாய் வயிற்றிலிருந்து தலைக்கு முன் கால் வந்ததுதான் என் படிப்பும் பட்டமும். அப்படிப் பிறந்தவன் மிதித்தால் சுளுக்கு விடும் என்று நம்பி வள்ளம் ஏறி வருகிறது ஒரு கூட்டம்.

நீயும் அதை நம்பித்தான் வந்தாய். வள்ளத்து எஞ்சின் கயிற்றைச் சுண்டி இழுத்தபோது பிடரியில் ஏதோ பிடித்ததாம். இரண்டு நாளாகத் தலையிடி, பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரிகிறது என்றாய். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரி எங்கள் கரம்பொனிலிருந்து சைக்கிளில் போகிற தூரம்.

"தலையிடிக்குப் பனடோல் தாறதுக்கு ஒரு டொக்டரோ? நீ உழக்கு மச்சான்."

மடையா! கடலின் நிறத்தைப் பார்த்தே காற்றைச் சொல்லுகிறவன், உன் தலையிடியை அறியத் தெரியாமல் பாயில் குப்புறப் படுத்தாய். நான் உன்னிலும் பெரிய மடையன். எனக்கு அது பெருமையாக இருந்தது. குதிக்காலால் வழக்கமான மூன்று தரம் மிதித்தேன். மூன்றாவதற்குச் சொடக்கென்றது. "சுகமாக் கிடக்கு" என்றாய். நான் நெஞ்சை நிமிர்த்தி நின்றதை நினைத்தால் இப்போதும் காறித் துப்ப வருகிறது.

பின்னேரம் விழுந்துவிட்டாய். யாழ்ப்பாணத்தில் டொக்டர் உன் மனைவிக்குப் பொறுமையாகச் சொன்னார்: "மூளைக்குப் போற ரத்தக்குழாயின்ரை உள்சுவர் கிழிஞ்சு, சுவருக்குள்ளை ரத்தம் இறங்கி வீங்கியிருக்கு. அந்த வீக்கம் வெடிச்சிட்டுது." வெடித்தது என் காலாலா என்று கேட்டேன். "அது சொல்ல ஏலாது" என்றார்.

ஊருக்கு அந்தச் சந்தேகமே இல்லை. "கர்த்தர் கூப்பிட்டிட்டார்" என்று முடித்துவிட்டார்கள். உன் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு, அதே வாய்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தன. வெட்கம் கெட்ட சனம். உன் மனைவியும் வந்தாள். "உங்கடை காலிலை பிழையில்லை அண்ணை" என்றாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இன்று வந்தவனை ஏசினேன். "சரியான தலைக்கனம்" என்று முணுமுணுத்தான். பிடித்துச் சைக்கிள் கரியரில் ஏற்றி, நானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அவனுக்கு வெறும் சுளுக்குத்தானாம்.

அன்று உன்னை ஏற்றிப் போயிருக்க வேண்டிய அதே தூரம், மச்சான். வழி முழுக்க என் குதிக்காலில் உன் பிடரியின் சூடு இருந்தது.