எல்லைப் படையும் எல்லைப் படலமும்

அன்புள்ள சுண்டெலிக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், என் மானத்துக்குத்தான் கொஞ்சம் உடம்பு சரியில்லை. உன் ஆராய்ச்சி எல்லைப் படலம் பற்றியது என்று படித்துப் படித்துச் சொன்னாய், நான் முடிவெட்டுபவரிடம் எல்லைப் படை என்று சொல்லித் தொலைத்திருக்கிறேன். அன்றிலிருந்து எனக்குத் தனி மரியாதை, துண்டு கூடப் புதுசு. நேற்று முகம் முழுக்க நுரையோடு உட்கார்ந்திருக்கும்போது, பொண்ணுக்குத் துப்பாக்கி குடுத்துட்டாங்களாண்ணே என்று கேட்டார், கடையே திரும்பிப் பார்த்தது. அப்புறம் விளக்கம் சொல்லாமல் விடுவார்களா, எனக்குப் புரிந்ததை எடுத்துவிட்டேன். குழாயில் தண்ணீர் ஓடும்போது அதன் சுவரைத் தொட்டிருப்பது நகராது, தள்ளிப் போகப் போகத்தான் வேகம், அந்த மெல்லிய ஓரம்தான் படலம், என் மகள் ஓட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் அது எப்போது கலைகிறது என்று பார்க்கிறாள், கூட்டும்போது சமர்த்தாக இருக்கும், குறைக்கும்போதுதான் குட்டிக் குட்டிச் சுழலாகக் கிளம்பும் என்றேன். அட உங்க பஸ்ஸு மாதிரி, நீங்க பிரேக் போட்டாத்தானே நாங்க ஒருத்தர் மேல ஒருத்தர் விழறோம் என்றார். உதாரணம் தப்பென்றால் அவரைத் திட்டு.

சிரித்துவிட்டு வந்தேனே தவிர மனசு உன்னிடமே இருக்கிறது. நீ கணக்குப் போட்ட நேரத்துக்கு முன்னாலேயே தண்ணீர் கலைந்துவிடுகிறது, பேராசிரியர் மாதக் கடைசியில் முடிவு கேட்கிறார், எல்லாத்தையும் விட்டுட்டு வந்துடட்டுமாப்பா என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டாய். நான் உன் இஷ்டம்மா என்று சொல்லி போனை அம்மாவிடம் நீட்டிவிட்டேன். போனை வைத்ததும் பிடித்துக்கொண்டாள், புள்ள அழுதுக்கிட்டே கேக்குது, இஷ்டமாம் இஷ்டம், நீங்கல்லாம் ஒரு அப்பனா என்று. நியாயம்தான். அதனால் யோசித்து எழுதுகிறேன். தண்ணீர் ஏன் முந்திக்கொள்கிறது என்பதைத்தானே நீ கண்டுபிடிக்கப் போனாய், அது முந்திக்கொண்டதற்கு நீ ஏன் அழ வேண்டும்? பஸ் ஓட்டுகிறவன் பேச்சு இது, பேராசிரியரிடம் சொல்லி வைக்காதே. நன்றாகத் தூங்கி எழுந்து இன்னும் ஒரு தடவை பார். சாப்பிடாமல் குழாயை முறைத்துக்கொண்டிருந்தால் அது பயப்படப் போவதில்லை.

எடுத்த காரியம் உன் கைக்கு வசப்படட்டும், எங்கே இருந்தாலும் நிறைவாக இரு. மூக்குக்கண்ணாடியை மாற்றச் சொல்லி அம்மா ஞாபகப்படுத்தச் சொன்னாள்.

உன் அப்பா

பி.கு. இதை முடிவெடுத்த பிறகு படித்ததாக வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதும் எனக்கு வாய் வரைக்கும் வந்தது உன் இஷ்டம்மா என்பது இல்லை, வேறு வார்த்தை. சொன்னால் எனக்காகக் கிளம்பிவிடுவாய் என்று விழுங்கிவிட்டேன். வந்துடு கண்ணு.