வெறும் வயிற்றில் ஏறும் சீனி

ஐப்பசி 6, திங்கள்

விடியும்போதே மழை. முதியோர் எழுத்து வகுப்பு இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். எழுத வருகிறதே! பஸ் பலகை, மருந்து அட்டை, எதையும் வாசிக்காமல் விடுவதில்லை. வீட்டில் சீனி பார்க்கும் கருவியும் இப்போது என் கையில். தங்கம்மைக்கு வெறும் வயிற்றில் 182. படுக்கும்போது இதைவிடக் குறைவு. இடையில் எப்படி ஏறும்? பெண்டாட்டி ஆனாலும் கேட்கத்தான் வேண்டும்.

“ஏட்டி, ராத்திரி எழும்பி என்னத்தத் தின்ன?”

“ஒண்ணும் திங்கல. வெள்ளங்கூடக் குடிக்கல.”

பலாப்பழமும் வெல்லமும் கிண்டிய சக்கவரட்டிப் பானை மேல் சந்தேகம்.

செவ்வாய்

பானை மூடியை நூலால் கட்டியிருந்தேன். முடிச்சு அப்படியே. பழக்குலையிலும் குறைவில்லை. சீனி மட்டும் 190. பக்கத்து வீட்டிலிருந்து வருகிறதோ?

நூலைத் தங்கம்மை பார்த்துவிட்டாள். “ஒரு நாயையும் கெட்டிப் போடுங்கோ, நல்லா காவல் காக்கும்.”

ராத்திரி சாப்பிடவில்லை. “நீங்க நம்புறது வரைக்கும் எனக்குச் சோறு வேண்டாம்.”

எனக்குக் கோபம். கொஞ்சம் பயமும்.

புதன். வெயில்

பட்டினி கிடந்தும் காலையில் கூடுதல்தான். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நர்ஸ் ஷீலாவுக்குச் சிரிப்பு.

“பாட்டா, கள்ளன் அடுக்களையில இல்ல, ஈரல்ல. ராத்திரி ஈரலு ரத்தத்துல சீனி விடும். இன்சுலின் வந்து, ‘போதும்’னு ஈரல் செல்லுக்க வாசல்ல தட்டும். உள்ள ஒருத்தன் கேட்டு அடுத்தவன்கிட்ட சொல்லணும், அவன் அடுத்தவன்கிட்ட. கடைசி ஆளு சீனிய நிறுத்துவான். பாட்டிக்கு நடுவுல சேதி நின்னு போவுது. கண்டக்டர் விசிலடிச்சாலும் டிரைவருக்குக் கேக்காண்டாமா? பட்டினி போடாதீங்க, மயங்கி விழுந்திருவாங்க.”

பெண்ணுக்குப் பெண் ஒத்தாசையோ? இல்லை, கருவியே பொய்யோ? வீட்டுக்கு வந்து நர்ஸ் பேச்சை அப்படியே சொன்னேன்.

“அப்பம் நம்பியாச்சா?”

நான் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவள் இன்றும் சாப்பிடவில்லை.

வியாழன்

கருவியின் பொய்யைப் பிடித்துவிடலாம் என்று என் விரலையே குத்தினேன். வெறும் வயிறு. எனக்கு ஒரு நாளும் சீனி நோய் கிடையாது.

204.

“எத்தர?” என்று எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எண் வாசிக்கத் தெரியாது. குறைத்துச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை, உள்ளதைச் சொன்னேன்.

“ராத்திரி எழும்பி என்னத்தத் தின்னியளோ?”

“சத்தியமா ஒண்ணும் திங்கல, தங்கம்மை.”

“நானும் அதத்தானே சொன்னேன்.”

கஞ்சி எடுத்து வந்தாள். அவள் கிண்ணம் நிறைய. எனக்குப் பாதி. ஏன் என்று கேட்டேன்.

“மிச்சத்த ஒங்க ஈரலு ஊத்தும். குடிங்கோ.”