மழை காணாத டயர்கள்

உன் காரிலிருந்து கழற்றிய டயர்கள் நான்கும் என் வீட்டு வாசலில் அடுக்கிக் கிடக்கின்றன. விடிந்ததிலிருந்து பெய்யும் மழையில் அவற்றின் ரப்பர் வாசனை கூடம் வரை வந்துவிட்டது. டயர் கடைக்காரர் பழையதை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். உன் மகள் சுபா கொடுக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனால் அம்மா அழுவாள் என்று, ஒரு ஆட்டோவில் ஏற்றி இங்கே இறக்கிவிட்டாள். இரண்டு பேர் உட்காரும் உன் காரில் அவற்றுக்கு ஏது இடம்?

அந்தக் காரில்தான் இன்று காலை தனியாக பெங்களூருக்குக் கிளம்பிப் போயிருக்கிறாள். வேலூர் தாண்டியதும் பேசுகிறேன் என்றாள். இன்னும் பேசவில்லை. வண்டி ஓட்டுபவளை நானாகக் கூப்பிடக் கூடாது. கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் உனக்கு எழுதுகிறேன்.

நீ அந்தக் காரைச் சென்னையிலிருந்து ஓட்டி வந்த நாளில் நான் பக்கத்து இருக்கையில் இருந்தேன். பிள்ளையார்பாளையத்தில் உன் தெருவில் தறிக்கான பாவு நூலை நீளக் கட்டி நீட்டியிருந்தார்கள். அவர்கள் சுருட்டி முடிக்கும்வரை தெருமுனையில் வண்டியை உறும விட்டுக்கொண்டு சந்தோஷமாக உட்கார்ந்திருந்தாய். உன் மனைவி வாசலுக்கு வந்து, தரையோடு தரையாக நின்ற அந்தச் சிவப்பு வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"பட்டுப் புடவ விக்கிறவரு வாங்குற வண்டியா இது? புடவ கட்டிக்கினு இதுல ஏறணும்னா படுத்துக்கினுதான் ஏறணும்."

"உனக்கு ஆட்டோ சொல்றேன்மா," என்றாய் நீ. தெருவே சிரித்தது.

அதை நீ வண்டியாக வைத்துக்கொள்ளவில்லை, சரக்காக வைத்துக்கொண்டாய். விற்காத பட்டுப் புடவையை ஒரே மடிப்பில் விட்டால் மடித்த இடத்தில் ஜரிகை விட்டுப்போகும் என்று கடையில் அவ்வப்போது மடிப்பு மாற்றுவீர்கள். காருக்கும் அதையே செய்தாய். மாதம் பிறந்தால் கொட்டகையைத் திறந்து, சக்கரம் அரைச் சுற்று உருளும் அளவுக்கு வண்டியைத் தள்ளிவைப்பாய். "மடிப்பு மாத்திட்டேன்பா," என்று எனக்குப் போன் வேறு. ரப்பர் ஒரே இடத்தில் அழுந்தாமல் இருந்ததென்னவோ உண்மை. மழையில் மட்டும் அதை எடுக்கவே மாட்டாய். ஒருமுறை திருப்புட்குழி கோயிலுக்குப் போகும் வழியில் கண்ணாடியில் நாலு தூறல் விழுந்ததும் வண்டியைத் திருப்பிவிட்டாய். "பெருமாள் எங்கயும் போவ மாட்டாரு. வெயில் அடிச்சா வந்து பாத்துக்கலாம்."

நீ கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து மூன்று மாதமாகிறது. போன வாரம் சுபா வந்து, காரை பெங்களூருக்கு எடுத்துப் போகிறேன் என்றாள். நேற்று கொட்டகையில் குனிந்து டயரின் பட்டன்களுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்தாள். புடவை முந்தானையை நீ தடவிப் பார்ப்பாயே, அதே மாதிரி.

"பட்டன் தேயவே இல்ல மாமா. புதுசு மாதிரி இருக்குது. எப்படிப் பாத்துக்கினு இருந்திருக்காரு!"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் செய்திக்காக நெடுஞ்சாலையில் வெடித்த டயர்களைப் பலமுறை பார்த்தவன் நான். பள்ளம் ஆழமாக இருந்த டயர்களும் அவற்றில் உண்டு. டயரின் பக்கவாட்டில் அது செய்யப்பட்ட வாரமும் வருஷமும் எண்ணாகப் பதிந்திருக்கும். அந்த இடத்தில் ஆயுத பூஜைக்கு நீ வைத்த சந்தனம் வருஷத்துக்கு வருஷம் ஏறிக் காய்ந்து கிடந்தது. நகத்தால் சுரண்டினேன். சுபா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்து டயர். விளக்கைக் கிட்டே பிடித்தபோது ஓரம் முழுவதும் முடிபோல் வெடிப்புகள் தெரிந்தன. மடிப்பு மாற்றினால் பட்டு நிற்கும். ரப்பர் சும்மா இருந்தாலே கெட்டுப்போகும். அது உனக்குத் தெரியவில்லை. தொட்டுப் பார்த்து எதையும் சொல்லிவிடலாம் என்று நம்பிய ஊர் நம்முடையது.

"மாத்தணும்மா," என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "அப்பா மாசா மாசம் தொட்டு வெச்ச டயரு மாமா. இதப் போய் கழட்டச் சொல்றீங்க."

"அவன் இருந்தா அவனே கழட்டியிருப்பான்."

"அப்பா இருந்தா சாவியே குடுத்திருக்க மாட்டாரு."

விளக்கை அவள் பக்கம் நீட்டினேன். அவள் வாங்கி அந்த வெடிப்புகளைப் பார்த்தாள். "சரி, வாங்க," என்றாள்.

டயர் கடையில் எனக்கு இன்னும் பயம் கூடியது. உன் காருக்கு முன் டயர் ஒரு அளவு, பின் டயர் அதைவிட அகலம். கடைக்காரர், "பின்னாடி ரெண்டு போதும் சார், முன்னாடி ஜம்முனு இருக்குது," என்றார். நான்கும் ஒரே வயசு, நான்கையும் மாற்ற வேண்டும் என்றேன். இரண்டு வகை எடுத்துப் போட்டார். ஒன்று பந்தயக் காரின் டயர்போல, அதிகம் பள்ளமில்லாமல் பார்க்கவே அழகாக இருந்தது. சுபாவின் கண் அதிலேயே நின்றது.

"வளைவுல ரோட்ட கவ்விக்கினு போவும்மா."

"மழையில?" என்று கேட்டேன்.

"மழையில... கொஞ்சம் பாத்துப் போவணும்."

"தண்ணி தேங்கின ரோட்டுல?"

"சார், நீங்க பத்திரிகைக்காரரா?"

"மாமா, நீங்க டயர் வாங்க வந்தீங்களா, பேட்டி எடுக்க வந்தீங்களா?" என்று சிரித்தாள் சுபா. பிறகு அவளே ஒன்று கேட்டாள். "அண்ணா, ஈர ரோட்டுல பிரேக் அடிச்சா எது சீக்கிரம் நிக்கும்?" அவர் மற்றதைக் காட்டினார். தண்ணீர் வெளியேற அகலமான வாய்க்கால்கள் வெட்டிய, சாதாரணமாகத் தெரிந்த டயர்.

"அப்ப அதையே போடுங்க. அப்பா மழ வந்தா வண்டிய உள்ள வெச்சிருவாரு. எனக்கு மழையிலயும் ஆபீஸ் இருக்குதே."

பொருத்தும் முன் நான்கின் தேதியையும் படித்தேன். ஒன்று பழைய இருப்பு. "பேப்பர்ல போட்றாதீங்க சார்," என்று சிரித்தபடி கடைக்காரர் வேறு கொண்டுவந்தார். என் மனசு நிம்மதியான நேரத்தில், சாவியைக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "புது டயரு மேல ஒரு வழவழப்பு இருக்கும்மா. மொத நூறு கிலோமீட்டர் மெதுவா போ. அழுத்தி பிரேக் அடிக்காத."

நேற்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. இன்று மழை. பழசில் அனுப்பப் பயந்து புதுசில் அனுப்பியிருக்கிறேன்; அந்தப் புதுசே வழுக்கும் நாளில் அனுப்பியிருக்கிறேன். நாளைக்குப் போயேன் என்று கெஞ்சினேன். லீவு முடிந்துவிட்டது என்றாள். அவள் தெருமுனையில் திரும்பியபோது பின்சக்கரம் சாலை நீரை இரண்டு பக்கமும் பிளந்து எறிந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இந்த வரி வரை எழுதியபோது கூப்பிட்டாள்.

"மாமா, ஆம்பூர் தாண்டி ஒரு டீக்கடைல நிக்கறேன். மழ ஜாஸ்தியா இருக்குது, முன்னாடி போற லாரியே தெரியல. ஓரங்கட்டிட்டேன்."

"வண்டி எங்கியாவது வழுக்குச்சா?"

"எங்க வழுக்கறது? மெதுவா போறேன்னு பஸ்காரங்க எல்லாம் ஹாரன் அடிச்சிக்கினே போறாங்க. போவட்டும்."

அவள் பக்கம் பெய்யும் மழையைப் போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். "இருக்கீங்களா?" என்றாள். இருக்கிறேன் என்றேன். மழை விட்டதும் கிளம்புவதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

டயரை நான் பார்த்து வாங்கினேன். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அவளே பார்த்துக்கொண்டாள். அது தெரிந்தும் மனம் அடங்கவில்லை. இன்னும் கிருஷ்ணகிரி இருக்கிறது, ஓசூர் இருக்கிறது. அதன் பிறகு அவள் ஓட்டப்போகும் மழை நாட்கள் எத்தனையோ இருக்கின்றன. இந்தப் பயம் உன்னுடையது. நீ இருந்து படவேண்டியது. இப்போது என்னிடம் இருக்கிறது. நானே வைத்துக்கொள்கிறேன்.