கதவோரமாக நடப்பவர்கள்

மார்ச் 3, திங்கள்

வீட்டிலிருந்து வேலை. அதாவது மகள் ரக்ஷனாவைக் கீழ்த்தளத்து இன்ஃபண்ட் கேர் காப்பகத்தில் விட்டுவிட்டு, மேலே வந்து கணினி முன்னால் உட்கார்ந்து, தூங்கியிருப்பாளா, தூங்கியிருந்தால் குப்புறப் படுத்திருப்பாளா என்று யோசிப்பதற்கு ஆஸ்பத்திரி எனக்குச் சம்பளம் தருகிறது. நடுநடுவே 'ஆய்வுத் துடிப்பு' தயாரானது.

நான்கு வருடமாக நான் போடும் வாராந்தர மின்மடல். எங்கள் ஆஸ்பத்திரி ஆய்வாளர்களுக்கான செய்திகள், வசதிகள். இந்த வாரம்: புள்ளியியல் பயிலரங்கு, நிதி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், மூன்றாம் மாடி உறைபெட்டியில் காலியிடம், நெறிமுறைப் பாடத்தை இன்னும் முடிக்காதவர்களுக்கு அன்பான நினைவூட்டல் (எல்லாம் பெரிய பேராசிரியர்கள், அதனால்தான் அன்பு). அதிகம் படிக்கப்படும் பகுதி எது? 'மதிய உணவு உண்டு' என்ற வரி. ஒருமுறை அதை விட்டுவிட்டேன். புதிய மருந்து பற்றி எழுதியபோது வாயே திறக்காத இதயநோய் நிபுணர் அன்று மட்டும் எனக்குக் கடிதம் எழுதினார்.

மார்ச் 5, புதன்

புதன்கிழமை என் சடங்கு: மடலில் இருக்கும் ஒவ்வொரு இணைப்பையும் அழுத்திப் பார்ப்பது. எல்லாம் திறந்தன. நான் நல்ல பெண்.

நஃபீசாவின் அறிவிப்பை மறுபடி போட்டிருக்கிறேன், எத்தனையாவது தடவை என்று எண்ணவில்லை. குழந்தை பிறந்த முதல் வருடத்தில் தாய்மார்களுக்கு வரும் கவலை பற்றிய ஆய்வு. அவள்தான் ஒருங்கிணைப்பாளர். மற்ற மொழி அம்மாக்களெல்லாம் கிளினிக் வழியாகவே சேர்ந்துவிட்டார்களாம், தமிழ் பேசும் அம்மாக்கள்தான் வேண்டுமாம். 'குழந்தை மூச்சு விடுகிறதா என்று அடிக்கடி பார்க்கிறீர்களா? எங்களை அழையுங்கள்.' பார்க்காத ஒருத்தி இருந்தால் அவளைப் பிடித்து ஆய்வு செய்யுங்கள், அதுதான் உலகச் செய்தி.

நஃபீசா நோன்பு. பேன்ட்ரியில் நான் தோசை தின்றபடி அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள், "நீ சாப்பிடு லா, எனக்குப் பசியைவிட ஆள் கிடைக்காததுதான் கஷ்டம்" என்றாள். அப்புறம் என்னை ஒரு மாதிரி பார்த்து, உனக்கும் ஒன்பது மாசக் குழந்தைதானே என்றாள். நான் சூப்பரா இருக்கேன் என்றேன். வாயில் தோசை இருந்ததால் அவ்வளவு சூப்பராகக் கேட்டிருக்காது.

மார்ச் 6, வியாழன்

மடல் போயிற்று. உலகம் அசையவில்லை.

என் மேசைத் தொலைபேசியில் பிரசவ விடுப்பிலிருந்து திரும்பிய நாளாக ஒரு சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்கிறது. எனக்குப் பதிலாக இருந்த பெண் மணியோசையை அணைத்துவிட்டுப் போயிருக்கிறாள், புண்ணியவதி. இந்தக் காலத்தில் மேசைத் தொலைபேசியில் யார் கூப்பிடுகிறார்கள்? தடுப்பூசி போட்டபோது ரக்ஷுவுக்குக் கொடுத்த வாத்து ஸ்டிக்கரை அந்த விளக்கின் மேல் ஒட்டியிருந்தேன். இன்று ஓரம் உரிந்திருந்தது. அழுத்தி ஒட்டினேன்.

மார்ச் 9, ஞாயிறு

கிளமெண்டிக்குப் போனோம். என் கணவர் ஜெய்யின் அண்ணன் கதிரேசன் வீடு. அத்தை, அதாவது ஜெய்யின் அம்மா, அவர்களோடுதான் இருக்கிறார்.

என் ஓரகத்தி நிரஞ்சனாவின் உறைபெட்டியைத் திறந்து காட்டினார் அத்தை, மியூசியம் காட்டுவதுபோல. குழந்தைக்கு மசித்து உறையவைத்த கேரட் கட்டி, பூசணிக் கட்டி, பட்டாணிக் கட்டி, எல்லாம் நிறம் நிறமாக, தேதி எழுதி. அவர் மகன் மகிழனுக்கு ஏழு மாதம்தான். "நிரஞ்சனா எல்லாத்தையும் சிரிச்ச முகமா செய்றா பாரு. நீ ஏம்மா எப்பவும் பஸ்ஸ விட்டவ மாதிரியே இருக்க?" என்றார். நிரஞ்சனா அக்கா சிரித்த முகமாகவே நின்றார். அதையும் கட்டி கட்டியாக உறைய வைத்திருப்பாரோ?

இதையெல்லாம் எழுதுகிறேன், எழுத வேண்டியதை எழுதவில்லை.

சரி. எழுதுகிறேன். பன்னிரண்டாம் மாடியில் லிஃப்டை விட்டு இறங்கினால் எங்கள் வீடு கடைசி. ஒரு பக்கம் வரிசையாகக் கதவுகள். இன்னொரு பக்கம் மார்பளவுச் சுவர், அதன்மேல் கம்பி, அதற்கப்பால் தேக்கா மார்க்கெட் வரை வெறும் வானம். ரக்ஷுவைத் தூக்கிக்கொண்டு என்னால் கம்பிப் பக்கம் நடக்க முடியவில்லை. கை நழுவிடுமோ — என் கையே என் பேச்சைக் கேட்காமப் போயிடுமோ — அந்தப் படம் தானா வருது. ஒரு தடவை இல்ல, தினம் வருது. கதவோரமா, தோள் உரச உரச நடக்கிறேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் சைக்கிள் கதவோரம் நிற்கிற நாளில் லிஃப்டுக்குப் பக்கத்திலேயே நின்று, ஏதோ மெசேஜ் பார்க்கிற மாதிரி, ஜெய் வரும்வரை.

பெத்தவளுக்கு இப்படி ஒரு நினைப்பு வருமா? வந்தா அவ யாரு?

ஜெய்யிடம் சொல்லவில்லை. துவாஸ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடித்து வருகிற மனிதரிடம் இதை எந்த இடத்தில் ஆரம்பிப்பது?

மார்ச் 11, செவ்வாய்

பட்டம் படித்தவள். மாதாமாதம் மனநலக் கட்டுரைகளைச் சுருக்கிப் போடுகிறவள். 'உதவி கேட்பது பலவீனமல்ல' என்று நானே பச்சை எழுத்தில் போட்டிருக்கிறேன். பச்சை யோசனையும் என்னுடையதுதான்.

மார்ச் 14, வெள்ளி

கதவோரம் ஆன்ட்டியின் சைக்கிள் நின்றது. ஜெய் வர லேட். ரக்ஷு அழ ஆரம்பித்ததும் கீழே இறங்கிப்போய் பஃபலோ ரோட்டைச் சுற்றி வந்தேன். பூக்கடைக்காரர், என்னம்மா காத்து வாங்குறீங்களா என்றார். ஆமாண்ணே என்றேன். முழம் மல்லிகை வாங்கினேன், வேறு காரணம் இல்லாததால்.

மார்ச் 18, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

காலையில் நஃபீசா என் மேசைக்கு வந்தாள். மாதக் கடைசியோடு தமிழ்ப் பிரிவை மூடப்போகிறார்களாம். ஒரு தமிழ் அம்மாகூடக் கூப்பிடவில்லை. "ரிப்போர்ட்ல என்ன வரும் தெரியுமா? தமிழ் அம்மாங்க ஆர்வம் காட்டலன்னு வரும். அத படிக்கிறவன், இவங்களுக்குக் கவலையே இல்லன்னு எடுத்துக்குவான்." அறிவியல்பூர்வமான நிரூபணம். என் அத்தைக்கு அனுப்பிவைக்க வேண்டும், சட்டம் போட்டு மாட்டுவார்.

மடலைக் காட்டு, எப்படித்தான் போட்டிருக்கிறாய் என்று கேட்டாள். காட்டினேன். விரலை வைத்துப் படித்துக்கொண்டே போனவள் நின்றாள்.

"இது யாரு நம்பர்?"

என் நம்பர்.

விடுப்புக்கு முன்னால் புது வடிவம் தயாரித்தபோது, தொடர்புப் பெட்டியில் மாதிரிக்கு என் மேசை எண்ணைப் போட்டேன். எனக்குப் பதிலாக வந்தவள் பெட்டியில் பெயரை மட்டும் மாற்றினாள். திரும்பி வந்த நானும் பெயரை மட்டும் பார்த்தேன். மற்ற அறிவிப்புகளுக்கெல்லாம் மின்னஞ்சல் இணைப்பு. 'அழையுங்கள்' என்று சொல்வது இது ஒன்றுதான். புதன்தோறும் எல்லாவற்றையும் அழுத்திப் பார்த்தேனே. தொலைபேசி எண்ணை யார் அழுத்திப் பார்ப்பார்?

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாத்தைப் பார்த்தோம்.

ஐடி பிரிவிலிருந்து நூருல் அமீன் வந்தார். வாத்தை உரித்து என் கையில் கொடுத்தார், ஆதாரத்தை ஒப்படைப்பதுபோல. கடவுச்சொல்லை மாற்றிக் கொடுத்து, வாய்ஸ்மெயில் பெட்டி நிரம்பி வழியுதுங்க, ஒண்ணு கேட்டுப் பாருங்க, சத்தம் சரியா வருதான்னு சொல்லிட்டுப் போனார். நஃபீசா தன் நோட்டை எடுக்கப் போயிருந்தாள். நான் ரிசீவரைக் காதில் வைத்தேன்.

முதலில் ஒரு பெண், ஈசூனிலிருந்து. பார்மசி குரூப்பில் யாரோ இந்த அறிவிப்பை ஃபார்வர்ட் செய்தார்களாம். இரண்டாவது ஒரு நர்ஸ், நம் ஆஸ்பத்திரிதான், பேசுவதற்கு முன் அழுதுவிட்டு வைத்துவிட்டார். மூன்றாவது:

"வணக்கம்... நான் கிளமெண்டியிலேர்ந்து பேசுறேன். எனக்கு ஒண்ணும் பெருசா இல்ல. பால்கனிக் கதவ திறக்க முடியல, அவ்ளோதான். பிள்ளைய வச்சிக்கிட்டுத் திறந்தா என்னமோ ஆயிடும்னு — வீட்ல யாருக்கும் தெரியாது. நான் நல்லாத்தான் பாத்துக்கிறேன்னு எல்லாரும்—"

வைத்துவிட்டேன். பெயர் சொல்வதற்கு முன்பே. பெயர் வேண்டியிருக்கவில்லை. அந்தச் சிரித்த குரலை எனக்குத் தெரியாதா? ஆனால் சிரிப்பு இல்லாமல் இன்றுதான் கேட்டேன்.

நஃபீசா வந்ததும் சொன்னேன், மூன்று கேட்டுவிட்டேன், மூன்றாவது எனக்குத் தெரிந்தவர் என்று. அவள் முகம் மாறிவிட்டது. "யாருகிட்டயும் சொல்லக்கூடாது வித்யா. உன் வீட்டுக்காரர்கிட்டயும் இல்ல. முக்கியமா அந்த ஃபோன் பண்ணவங்ககிட்ட." தெரியும். அந்த விதியை நான் எத்தனை தடவை மடலில் போட்டிருக்கிறேன்.

மீதியை அவள் கேட்டாள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். அவள் எழுதிக்கொண்டே இருந்தாள், பக்கத்தைத் திருப்பினாள், மறுபடி எழுதினாள். அத்தனை பேரும் ஒரு வாத்துக்கு அடியில் இருந்திருக்கிறார்கள்.

மார்ச் 19, புதன்

எங்கள் அலுவலகத் தலைவர் டாக்டர் மாணிக்கம் பதறவில்லை. அவர் எதற்கும் பதறமாட்டார், படித்தால்தானே பதற. திருத்தத்தைக் கடைசியில் சின்ன எழுத்தில் போடு, மதிய உணவு வரிக்குக் கீழே, என்றார். ஆஸ்பத்திரியின் பெயர் முக்கியமாம்.

சரிங்க டாக்டர் என்றேன்.

மார்ச் 20, வியாழன்

முதல் செய்தியாகப் போட்டேன். பெரிய எழுத்தில். 'எண் தவறு. தவறு என்னுடையது. நீங்கள் அழைத்தீர்கள், நாங்கள் எடுக்கவில்லை. மீண்டும் அழையுங்கள், இந்த முறை ஆள் இருக்கிறார்.' கீழே என் பெயர். எண்ணை என் கைபேசியிலிருந்து நானே அடித்துப் பார்த்தேன். நஃபீசா எடுத்தாள்.

மாணிக்கம் டாக்டர் மாலையில் என்னைப் பார்த்து, குட் ஜாப், நீட்டா முடிச்சிட்டே என்றார். ஆக, அவரும் மதிய உணவு வரியை மட்டும்தான் படிக்கிறார்.

மார்ச் 25, செவ்வாய்

ஆட்கள் சேர்கிறார்கள். பழைய செய்திகள் விட்டவர்களை நஃபீசா ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். கிளமெண்டிக்காரர் எடுத்தாரா என்று நான் கேட்கவில்லை, கேட்கக்கூடாது. கேட்காமல் இருப்பதற்காக மூன்று தடவை தண்ணீர் பிடிக்கப் போனேன்.

நான்காம் தடவை அவளிடம், என்னையும் சேர்த்துக்கோ என்று சொல்லிவிட்டேன். வாயில் தோசை இல்லாமல்.

முடியாதாம். ஆய்வு அலுவலகத்தில் வேலை செய்பவர்கள் அதே அலுவலகம் நடத்தும் ஆய்வில் சேரக்கூடாது. இந்த விதியையும் நான்தான் போட்டேன், ஜனவரியில், படத்தோடு. என் வாழ்க்கையில் முதன்முதலாக உதவி கேட்கிறேன், எனக்குத் தகுதி இல்லை.

நான் சிரிக்க ஆரம்பித்தேன், சிரிப்பு வேறு எதுவாகவோ ஆகிவிட்டது. நஃபீசா கதவைச் சாத்தினாள். சைக்கிளைப் பற்றிச் சொன்னேன். கம்பியைப் பற்றி. கையைப் பற்றி.

அவள் அதிரவில்லை. இது எவ்வளவு பேருக்கு வருதுன்னு உனக்குத் தெரிஞ்சா நீ கோவிச்சுக்குவே, ஏன் யாரும் முன்னாடியே சொல்லலன்னு, என்றாள். பயப்படுறவ பிள்ளையப் பத்திரமா பிடிச்சிருக்கறதாலதான் பயப்படுறா, ஆனா அத நீயும் நானும் முடிவு பண்ண வேணாம், டாக்டர் பார்க்கட்டும். அப்புறம், "ஆய்வுல சேராமலே டாக்டர பார்க்கலாம், தெரியும்ல? அதுக்குப் பேரு நோயாளி" என்றாள்.

ஜெய்யிடம் சொன்னேன். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "நீ கதவோரமா நடக்கறத பாத்திருக்கேன். வெயிலுக்குன்னு நினைச்சேன்" என்றார்.

ராத்திரி எட்டு மணிக்கு வெயில். இஞ்சினியர்.

அப்புறம் எழுந்துபோய் ஆன்ட்டி வீட்டுக் கதவைத் தட்டி, சைக்கிளை வேறு பக்கம் வைக்க முடியுமா என்று கேட்டுவிட்டு வந்தார். திட்ட வேண்டும் என்று வைத்திருந்ததெல்லாம் வீணாகிவிட்டது.

ஏப்ரல் 2, புதன்

டாக்டரைப் பார்த்தேன். சிறிய பெண், என் வயதுகூட இருக்காது. எதையும் எழுதாமல் முழுக்கக் கேட்டார். இதற்குப் பெயர் இருக்கிறதாம். பெயர் இருக்கிற ஒன்று எனக்கு வந்திருப்பதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று நினைக்கவில்லை.

வீட்டுப்பாடம் கொடுத்தார்: கம்பிப் பக்கம், முதலில் குழந்தை இல்லாமல், ஜெய்யோடு. நடந்தோம். ஆன்ட்டி ஜன்னல் வழியாகப் பார்த்தார். காதலர்கள் என்று நினைத்திருக்கலாம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

நிரஞ்சனா அக்காவுக்கு ஃபோன் செய்தேன். நான் கேட்டதைச் சொல்லக்கூடாது. என்னுடையதை நான் சொல்லலாம், அதற்கு விதி எதுவும் நான் போடவில்லை.

சொன்னேன். காரிடார், கை, டாக்டர்.

"கேரட் அவிச்சிக்கிட்டிருக்கேன், அடி பிடிச்சிரும்" என்று வைத்துவிட்டார்.

தப்புப் பண்ணிட்டேனோ? அத்தைகிட்ட சொல்லிருவாங்களோ? ஏன் ஃபோன் பண்ணேன்?

ஏப்ரல் 7, திங்கள்

ஒன்றும் இல்லை. அத்தையும் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

நாளை வருஷப்பிறப்பு. வேலைநாள் என்பதால் இன்றே எல்லோரும் எங்கள் வீட்டில் சாப்பிட வந்தார்கள்.

ரக்ஷுவைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட் வரை போனேன், வரவேற்க. அத்தையும் கதிரேசன் அத்தானும் பாத்திரங்களோடு முன்னால் நடந்துவிட்டார்கள், அத்தை வழி முழுக்க நிரஞ்சனா வைத்த பாயசம் பற்றி. நிரஞ்சனா அக்கா கடைசியாக லிஃப்டிலிருந்து வெளியே வந்தார், மகிழனை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு. சிரித்த முகம். ஆனால் வெளியே வந்ததும் கதவோரமாக ஒதுங்கினார். நானும் அதே நொடியில் கதவோரமாக ஒதுங்கியிருந்தேன். தோளோடு தோள் இடித்துக்கொண்டோம்.

இரண்டு பேரும் நின்றோம். அவர் என்னைப் பார்த்தார். நான் மகிழனின் காலுறையைப் பார்த்தேன்.

"அந்த டாக்டர் பேரு என்ன?" என்றார், மிக மெதுவாக.

சொன்னேன். சாப்பிட்டதும் நம்பர் அனுப்புறேன் என்றேன். சரியான நம்பரா அனுப்பு என்றார். ஏன் அப்படிச் சொன்னார்? திருத்தத்தைப் படித்திருக்கிறார். என் பெயரையும்.

அப்புறம் நான் நகர்ந்தேன். கதவோரத்தை அவருக்கு விட்டுவிட்டு, கம்பிப் பக்கம். ரக்ஷு குனிந்து கீழே எதையோ பார்த்து "பா, பா" என்றாள். புறாவாக இருக்கும். அந்தப் படம் வந்தது, வராமல் இல்லை.

எங்கள் வீட்டுக் கதவு வரை நடந்தேன்.