வெயில் வந்துவிட்டது, நான் வீட்டுக்குப் போகவில்லை

காலையில் கண் விழித்தபோது பள்ளிக்கூடச் சுவரில் வெயில் விழுந்திருந்தது. நாலைந்து நாளாக விடாமல் பெய்த மழை நின்றுபோயிருந்தது. வகுப்பறையில் படுத்திருந்த சனம் சந்தோஷமாக எழும்பி, ஈரக் கம்பளிகளைத் தூக்கிக்கொண்டு போய் வேலியில் போட்டது. கொஞ்ச நேரத்தில் கம்பளிகளிலிருந்து ஆவி கிளம்பியது. ஈரமும் அடுப்புப் புகையும் கலந்த அந்த வாடை உள்ளே வந்ததும் நான் பாயை விட்டு எழும்பவில்லை. உன் ஞாபகம் வந்தது என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. முதலில் பயம் வந்தது. அதற்குப் பின்னால்தான் நீ வந்தாய்.

உனக்குச் சிரிப்பாக இருக்கும். மழைக்குப் பயப்படுகிறவர்கள் இங்கே நிறையப் பேர் உண்டு. வெயிலுக்குப் பயப்படுகிறவள் இந்த அக்கரப்பத்தனைப் பக்கம் முழுக்க நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மலையில் நிலம் வெடித்திருக்கிறது. போன வருடம் விரல் நுழைந்த வெடிப்பு, இப்போது காலே இறங்குகிற அளவுக்கு வந்துவிட்டது. மழை வந்தால் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்வார்கள். மழை விட்டால் அவரவர் ஒற்றை அறைக் காம்பராவுக்குத் திரும்பிவிடுவோம். வேறு இடம் தருகிறோம், தருகிறோம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

இன்றைக்கும் எல்லாரும் பாயைச் சுருட்டினார்கள். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று, "என்ன பாத்துக்கிட்டு உக்காந்திருக்க? வெயிலு சுள்ளுன்னு அடிக்குது, வா போவோம்" என்றார். நான் மகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "நீங்க போங்க. நா இன்னைக்கு வரல. புள்ளையும் வராது" என்றேன்.

"நல்லாருக்கே கூத்து" என்றார் மாமியார். "மழ பேஞ்சப்ப ஓடியாந்தோம், சரி. வெயிலடிச்சாலும் பயமா? ஒன்னையப் பாத்து ஊரே சிரிக்குது."

சிரிக்கத்தான் செய்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் புதிதில்லை. உன்னோடு சேர்ந்து முதன்முதலில் அதை வாங்கிக் கட்டிக்கொண்டது கடலோரத்தில்.

ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த நம்மைப் போன்ற பிள்ளைகளைச் சேர்த்து, மட்டக்களப்புப் பக்கம் ஒரு கடலோரக் கிராமத்தில் சில வாரம் தங்கவைத்து இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு இரண்டு பேரும் பெயர் கொடுத்திருந்தோம். ஹட்டனில் வேன் ஏறும்போதுதான் உன்னை முதலில் பார்த்தேன். வட்டவளை என்றாய். வளைவு வளைவாக வேன் இறங்க இறங்க நான் வாந்தி எடுத்தேன், நீ என் தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். இறங்கியதும் நீ செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு நேராக ஓடிப்போய் அலையில் நின்றாய். நான் ரோட்டிலேயே நின்றுவிட்டேன். அவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. அதைப் பிடித்து நிறுத்த ஒரு வரம்புகூட இல்லையே என்றுதான் தோன்றியது. படுத்தால் அந்த அலைச் சத்தம், தேயிலைக் கொழுந்து லொறி மேடு ஏறுகிற மாதிரி. ஏறிக்கொண்டே இருக்கும், வந்து சேராது.

நம்மைத் தங்கவைத்தது நேசமலர் மாமியின் வீட்டில். கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பை தொங்கிக்கொண்டிருந்தது. என்ன என்று நீதான் கேட்டாய். அடையாள அட்டை, காணி உறுதிப் பத்திரம், இரண்டு மகன்களின் படம். சுனாமி வந்த காலையில் கடல் தூரம் உள்வாங்கியதாம். வெறும் மணலில் துள்ளிய மீனைப் பொறுக்க அந்தப் பையன்கள் இரண்டு பேரும் இறங்கியிருக்கிறார்கள். மாமி அழாமல்தான் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு நம் இருவரையும் பார்த்து, "கடல் உள்ள போனா விடுப்பு, வேடிக்கை பாத்துக்கொண்டு நிக்காதீங்க மகள். ஓடுங்க. ரோட்டுக்கு அங்கால பள்ளிக்கூடம் இருக்கு, மேல் மாடிக்கு ஏறுங்க" என்றார்.

"இவ்வளவு நடந்தும் ஏன் மாமி இங்கயே இருக்கீங்க?" என்று கேட்டாய்.

"வேற எங்க போற? காணி இங்கதானே கிடக்கு."

வெளியே வந்ததும் நீ என்னிடம் மெதுவாகச் சொன்னாய்: "அவங்களுக்குக் காணி இருக்கு, திரும்பி வந்தாங்க. நமக்கு என்னாடி இருக்கு, ஒரு எடத்துக்குத் திரும்பி வர?" அன்றைக்கு அதை விளையாட்டுப் பேச்சாகத்தான் கேட்டேன்.

கடலுக்குப் பயப்படாத நீ வகுப்புக்குப் பயந்தாய். மீனவர் சங்கக் கட்டடத்து மண்டபத்தில் தினமும் காலையில் ஒவ்வொருவராக எழும்பி, நேற்று என்ன நடந்தது என்று இங்கிலீஷில் சொல்ல வேண்டும். அது இங்கிலீஷ் சேர் வைத்த சட்டம். உன் உள்ளங்கை வியர்த்துக் கொப்பியில் மை கலைந்துவிடும். முதல் நாளே ஒரு பிள்ளை, "நீங்க இந்தியாவா? கதைக்கிறது ஒரு மாதிரி இருக்கு" என்று கேட்டுவிட்டது. கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நீ தமிழிலும் வாயைத் திறக்கவில்லை. "வாயத் தொறந்தாலே தோட்டம்னு தெரிஞ்சிருது. இங்கிலீசுல பேசுனா இன்னும் கேவலம்" என்பாய். எனக்குக் கடல், உனக்கு வாய். இரண்டு பேரும் பயந்தாங்கொள்ளிகள்தான். உன் பயம் மட்டும் வெளியே தெரியாது.

அந்தக் காலை உனக்கும் மறந்திருக்காது. நீ கரையில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தாய். நான் வழக்கம்போல மேலே தென்னைமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நேற்று வரை அலை ஏறி மூடிய கல் ஒன்று அன்றைக்கு முழுசாக வெளியே தெரிந்தது. அதற்கு அப்பாலும் ஈர மணல். கடல் போய்விட்டது என்று எனக்குப் பட்டது. கத்தினேனா, உன் கையைப் பிடித்து இழுத்தேனா, தெரியாது. ஓடினோம். மாமி வீட்டைக் கடக்கும்போது "மாமி, கடலு உள்ள போயிருச்சு!" என்று நீ கத்தினாய். பிறகு பள்ளிக்கூடப் படியில் மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தால் நமக்குப் பின்னால் மாமியும் ஓடிவருகிறார். ஒரு கையில் அந்தப் பை, மற்றக் கையில் பாதி துருவிய தேங்காய் மூடி.

மேல் மாடியிலிருந்து பார்த்தோம். கடல் இருந்த இடத்தில்தான் இருந்தது. வற்று நேரத்தில் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். மலையில் பிறந்த நமக்கு அது ஏறும், இறங்கும் என்று யார் சொன்னார்கள்? கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "கடல் எங்கயும் போகல்ல, நீங்கதான் போறீங்க!" என்று ஒருவர் கத்தினார். நீ முகத்தை மூடிக்கொண்டு அழுதாய். "இனிமே செத்தாலும் ஒன் பேச்சக் கேட்டு ஓடமாட்டேன்" என்றாய்.

மாமி சிரிக்கவில்லை. தேங்காய் மூடியைப் பார்த்தார், எதற்குக் கொண்டுவந்தோம் என்று அவருக்கே விளங்கவில்லை போல. "ஓடினது பிழையில்ல மகள்" என்றார். "சிரிப்பாங்க எண்டு நிண்டுடாதீங்க. சும்மா ஓடினாக் கால்தான் நோகும். மத்தது..." பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் வகுப்பில் பையன்கள் கொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு நம்மைப் போல ஓடிக் காட்டினார்கள். சேர் வந்தார். நேற்று என்ன நடந்தது என்று கேட்டார். எல்லாரும் நம் பக்கம் திரும்பினார்கள். நான் பெஞ்சுக்குள் புதைந்துவிடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன், நீ எழும்பிவிட்டாய். உன் பாவாடை நடுங்கியது பக்கத்தில் இருந்த எனக்குத்தான் தெரியும். "யெஸ்டடே வீ ரேன்" என்றாய். பெஞ்சைப் பிடித்துக்கொண்டாய். "நத்திங் கேம். வீ ஆர் அலைவ்." சிரிக்கத் தொடங்கியவர்கள் அப்படியே நிறுத்திவிட்டார்கள். அங்கே இருந்தவர்களில் பலருடைய வீட்டில் அந்த அலையில் போன ஆள் உண்டு என்பது நமக்கு அப்போதுதான் உறைத்தது. சேர் திருத்தவும் இல்லை, பாராட்டவும் இல்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

அதற்குப் பிறகு நீ இங்கிலீஷுக்குப் பயப்படவில்லை. நுவரெலியாவில் ஹோட்டல் வரவேற்பில் வேலை கிடைத்தது, வெள்ளைக்காரர்களிடம் சர்வ சாதாரணமாகப் பேசினாய். நான் இங்கே முன்பள்ளியில் பிள்ளைகளுக்கு ஏ, பி, சி பாடுகிறேன். நேர்முகப் பரீட்சை முடிந்தாலும், ஸ்கேன் ரிப்போர்ட் நல்லபடி வந்தாலும் நமக்குள் அந்தப் பேச்சுத்தான் ஓடியது. நத்திங் கேம், வீ ஆர் அலைவ். உன் மகன் பிறந்த அன்றும் போனில் அதை மட்டும் அனுப்பியிருந்தாய்.

கல்யாணத்துக்குப் பிறகு நீ போன லயமும் மலையடிவாரத்தில்தான் இருந்தது. இதே மாதிரி விடாமல் பெய்த ஒரு மழையில் நீயும் ஓடினாய். சொன்ன நேரத்துக்கு முன்பே ஓடினாய், மகனைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் போய் இருந்தாய். உன்னை யாரும் குறை சொல்ல முடியாது. பிறகு மழை நின்று வெயில் வந்தது. காலையில் போனில் என்னைக் கூப்பிட்டாய். "வெயிலு நல்லா அடிக்குதுடி. இவன அவுங்கப்பாகிட்ட விட்டுட்டு, லயத்துல போயி கம்பளியக் காயப்போட்டு, கொஞ்சம் பாலக் காய்ச்சி எடுத்துக்கிட்டு வந்துர்றேன்." நானும் சரி என்றுதான் சொன்னேன். நானும் அப்போது கம்பளி காயப்போட்டுக்கொண்டுதான் இருந்தேன். வெயிலைப் பார்த்து யாருக்குப் பயம் வரும்? உள்ளே தண்ணீர் குடித்துக் கனத்துப்போன மலை, மேலே காய்ந்துகொண்டிருக்கும்போதே இறங்கும் என்று பிறகுதான் எல்லாரும் விளக்கமாகச் சொன்னார்கள். உன்னை மண்ணுக்குள்ளிருந்து தேடி எடுத்த அன்றும் நல்ல வெயில்.

அன்றிலிருந்து என் வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் ஆணியில் ஒரு பை தொங்குகிறது. அது இப்போது என் பக்கத்தில் இருக்கிறது. இந்த ஜன்னலில் நின்றால் எங்கள் லயத்துத் தகரமும் அதற்கு மேலே மலையும் தெரியும். காலையிலிருந்து பார்த்துக்கொண்டே நிற்கிறேன். வீட்டுக்காரரும் மாமியாரும் அங்கே இருக்கிறார்கள். கூரைக்கு மேலே அடுப்புப் புகை வந்தது. மலை அசைந்த மாதிரி இருக்கும், கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் மேக நிழலாக இருக்கும். மகள், "அம்மா, என்ன பாக்குறீங்க?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டாள். நான் பயந்துபோய் இருக்கிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? உன்னிடம் சொல்கிறேன். இரண்டு பேரையும் பிடித்து இழுத்து வைத்திருக்க வேண்டும், ஒப்பாரி வைத்தாவது நிறுத்தியிருக்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது.

மத்தியானத்துக்குப் பிறகு பாதையில் ஒரு தலை தெரிந்தது. மாமியார். சும்மாட்டின் மேல் சோற்றுச் சட்டி, முழங்கால் வரை சேறு. பின்னால் வீட்டுக்காரர் அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறார். இறக்கிவைத்ததும் மாமியார் என்னைத் திட்டத் தொடங்கினார். "ஒன்னால ஒரு வேல ஓடல. ஒலைய வச்சுட்டு வெளிய வந்து அந்த மலயப் பாத்தேன். வரலன்னு நீ சொன்னதே காதுக்குள்ள நிக்குது. தூக்கிக்கிட்டு வந்துட்டேன். சோறு பாதிதான் வெந்துச்சு." போகும்போது சிரித்தவர்களில் சிலர் காய்ந்த கம்பளியை எடுக்க வந்து வேலியோரம் நின்றார்கள். இப்போது மாமியாரைப் பார்த்தும் சிரித்தார்கள். அவர் அவர்களையும் ஒரு பிடி பிடித்தார்.

நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மலை அங்கேயேதான் நின்றது. என் வாய் தானாக வகுப்பில் நீ சொன்ன அந்த மூன்று இங்கிலீஷ் வரியையும் முணுமுணுத்தது.

"என்னா சொல்ற?" என்றார் மாமியார்.

"ஓடுனோம். ஒன்னும் வரல. உசுரோட இருக்கோம்னு சொன்னேன்."

"அதான் தெரியுதே. சாப்புடு."

சோறு நறநறவென்று இருந்தது. மகளுக்கு ஊட்டிவிட்டு நானும் சாப்பிட்டேன். நாளைக்கும் வெயில் அடிக்கும் என்கிறார்கள். நாளைக்கும் நான் போகமாட்டேன். சிரிக்கட்டும்.