கப்பலில் என் இடம்

டெரி துறைமுகம்,
ஏப்ரல் 1642

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

எனக்காக நீங்கள் இடம் பிடித்த கப்பல் வந்துவிட்டது. முந்தாநாள், இங்கே குடியேறிய நம்மவர்களை விரட்ட எழுந்த கிளர்ச்சிக்காரர்கள் பக்கத்துப் பண்ணையைக் கொளுத்தினார்கள். எனக்குப் புகையால் கொஞ்சம் இருமல், அவ்வளவுதான். கொளுத்தியவர்களில் போன ஆண்டு எங்களோடு ஓட்ஸ் அறுத்தவர்களும் இருந்தார்கள். தப்பிய பெண்களை எங்கள் உழவர் படை இங்கே நடத்திக்கொண்டு வந்தது.

துறையில் எங்கள் படையின் சார்ஜெண்ட் ராங்கின், படித்தவன் என்று என்னைச் சீண்டினார்: "என்னப்பா காலேஜு, அம்மா மடிக்கு ஓடலையா?"

"நான் போயிட்டா உங்க பொண்டாட்டிக்கு யாரு கடுதாசி எழுதுறது?"

சிரித்தார். பிறகு என் தோளில் கை வைத்தார்; எடுக்கவே இல்லை.

ராஃபோ ஊரில் இன்னும் அறுபது பேர் தப்பிக்கக் காத்திருக்கிறார்கள். நாளை அவர்களை அழைத்துவரப் போகிறோம். நான் வரவில்லை, அம்மா.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவள் ஐசபெல். அந்தப் பண்ணையில் கணவனை இழந்தவள். கைக்குழந்தையோடு அவளை என் இடத்தில் ஏற்றிவிட்டேன். என் கட்டிலை அவளுக்குக் கொடுங்கள்.

ஒரு ஜோடி கம்பளிக் காலுறை அனுப்புங்கள். கடையில் வாங்க வேண்டாம், நீங்கள் பின்னியது வேண்டும்.

கப்பலில் பாய் ஏற்றுகிறார்கள். நான் எப்போது வருவேன் என்று அவளிடம் கேட்காதீர்கள். அவளும் என்னிடம் அதைத்தான் கேட்டாள்.

உங்கள் மகன்,
நீனியன்