உங்கள் சொந்தக் குரலில்

இன்று காலை, மார்கழிக் குளிரில் உறைந்துபோன தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் வைத்து உருக்கினேன். அந்த வாசனையோடு நீங்களும் வந்துவிட்டீர்கள். செகந்திராபாத் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த நாட்களில், படப்பிடிப்பு முடிந்து வந்து இந்த எண்ணெயைத் தடவித்தான் முகப்பூச்சைத் துடைப்பீர்கள். டாக்டரோ நீதிபதியோ கரைந்துபோய், என் கணவர், ரயில்வே குமாஸ்தா, மெல்ல வெளியே வருவார்.

லீவு போட்டுவிட்டு நீங்கள் நடித்ததெல்லாம் தெலுங்குப் படங்களின் சின்னச் சின்ன வேடங்கள். கதாநாயகியின் அப்பா, போலீஸ் கமிஷனர், சிவந்த நிறத்துக்காகவே கிடைத்த அமெரிக்க சர்ஜன். முகம் உங்களுடையது, குரல் மட்டும் வேறொருவருடையது. உங்கள் தெலுங்கில் பாளையங்கோட்டை வாடை அடிக்கிறதாம். முதல் படம் பார்க்கப் போனபோது, மடியிலிருந்த நம் மகள் தியேட்டரே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்: "மம்மி, அது டாடி வாய்ஸ் இல்ல! கைக்கு வேற அங்கிள் பேசுறாரு?" 'ஏன்' என்பதற்கு அந்த ஊர் உருதுச் சொல்தான் அவளுக்கு வாயில் வந்தது. எல்லோரோடும் சேர்ந்து நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் வீடு வந்ததும் கண்ணாடி முன் நின்று அந்த வசனத்தை உங்கள் குரலில் சொல்லிப் பார்த்தீர்கள்.

ஓய்வு பெற்று வாடகை வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்த வேடம் கிடைத்தது. செகந்திராபாத்தில் வாழும் ஒரு தமிழர், தன் நோயை மனைவியிடம் மறைத்து வைத்திருப்பவர். "உங்க தெலுங்கு எப்படியோ அப்படியே பேசுங்க சார், அதான் வேணும்" என்றாராம் இளம் டைரக்டர். அன்று நீங்கள் படியேறி வந்த வேகத்தைப் பார்த்து, யாருக்கோ என்னவோ ஆகிவிட்டதென்று பயந்துபோனேன்.

மாலை டீ குடித்ததும் ஒத்திகை. மனைவியின் வசனத்தை நான் தாளைப் பார்த்துப் படிப்பேன். ஒருநாள், ஏன் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவள் கேட்கும் வரியைத் தெலுங்கில் படித்தேன். நீங்கள் தமிழில் பதில் சொன்னீர்கள்.

"வயித்துல கட்டி இருக்கு. ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொல்லுதாரு."

தாளில் தேடினேன். "இந்த வரி இதுல இல்லியே. தெலுங்குல சொல்லுங்க."

"ஏளா, இது வசனமில்ல."

நிமிர்ந்து பார்த்தேன். எத்தனையோ படங்களில் கெட்ட செய்தியைக் கலங்காமல் சொன்ன முகம் அது. அன்று கீழுதடு நடுங்கியது. தாளைப் போட்டுவிட்டு உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எப்ப தெரியும்?"

"போன மாசமே. ஒங்கிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியாம இருந்தேன்."

"படம் நக்கோ, வேண்டவே வேண்டாம். மொதல்ல ஆபரேஷன்."

"எங் குரல்ல ஒரே ஒரு படம்ளா."

கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம் என்று டாக்டரே சொன்ன பிறகுதான் சம்மதித்தேன். நடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். உடம்பு பாதியாகித் திரும்பியபின், டப்பிங் ஸ்டுடியோவில் மைக் முன்னால் நின்றே பேசினீர்கள். உட்கார்ந்து பேசினால் குரல் நோயாளிக் குரலாகிவிடும் என்று நாற்காலியை மறுத்துவிட்டீர்கள்.

படம் வெளிவந்தபோது நீங்கள் இல்லை. நானும் மகளும் போனோம். தியேட்டரில் கூட்டமே இல்லை. அந்தப் பெரிய இருட்டில் உங்கள் குரல் எழுந்தபோது அவள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் அழவில்லை. ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாதென்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"கேமரா எம்மேல இல்லன்னாலும் எதிர்ல பேசுறவங்கள முழுசாக் கேக்கணும். எனக்குச் சம்பளமே அதுக்குத்தான்" என்பீர்கள். போன வாரம் கீழ்வீட்டுத் தெலுங்கு அம்மா, கணவரின் ஸ்கேன் கவருடன் வாசலில் வந்து நின்றார். அடுப்பை அணைத்தேன். அவரை உட்காரவைத்து, எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு, அவர் பேசி முடிக்கும்வரை அவர் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.